பங்குத் தரகர் ஆர்க்கிட் அறிஞரான கதையும் உங்கள் மகளின் படிப்பும்

டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் இந்த ஆண்டு பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் எழுதுகிறாள். ஆர்க்கிட் செடிகளைப் படிக்கப் போகிறேன் என்கிறாள். வீட்டுப் பெரியவர்கள் கணக்கியல் எடு என்கிறார்கள். அவளோ தென்னாப்பிரிக்க ஆர்க்கிட்களை ஆராய்ந்த ஹாரி போலஸ் என்பவரைக் காட்டி, "அவர் பங்குத் தரகர்தானே, தாவரவியல் பட்டமா வாங்கினார்? நானும் வேறு வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்வேன்" என்று சமாதானம் சொல்கிறாளாம். போலஸ் பற்றி அவள் சொல்வது சரிதானா, இறந்துபோன பிள்ளையை மறக்கத்தான் அவர் செடி சேகரிக்கக் கிளம்பினார் என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள்ளே இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: ஆசையை மட்டும் நம்பி என் பெண்ணை இந்தப் பக்கம் அனுப்பலாமா? இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் சேலத்துக்காரி. ஏற்காட்டு ஆர்க்கிட் தோட்டத்தைச் சிறுவயதில் பார்த்ததிலிருந்து தொடங்கிய பிடிப்பு இது. கல்யாணமாகி டர்பன் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கே ஹெர்பேரியத்தில் வேலை. அதாவது உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி, பெயரும் இடமும் தேதியும் எழுதி, தலைமுறை தலைமுறையாகக் காக்கும் இடம். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்துப் புல்வெளியில் பூக்கும் ஆர்க்கிட்கள் என் கைக்குப் பழகியவை. நாட்டின் தென்மேற்கில் உள்ள கேப் பகுதி ஆர்க்கிட்களைப் பெரும்பாலும் போலஸ் விட்டுப்போன படங்கள் வழியாகவும், சில பயணங்களிலும்தான் அறிவேன். மரபணு ஆய்வு என் வேலை அல்ல. இந்த எல்லைக்குள் நின்று பேசுகிறேன்.

முதலில் சந்தேகமில்லாதவை. ஹாரி போலஸ் 1834 ஏப்ரல் 28 அன்று இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்தார். அவருடைய பள்ளித் தலைமையாசிரியருக்குத் தென்னாப்பிரிக்காவின் கிரஹாம்ஸ்டவுனிலிருந்து வில்லியம் கென்சிட் என்பவர் செடி மாதிரிகள் அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு உதவியாக உங்கள் மாணவன் ஒருவனை அனுப்புங்கள் என்று கென்சிட் கேட்க, 1850 மார்ச்சில் போலஸ் கப்பலில் போர்ட் எலிசபெத் வந்து இறங்கினார். அப்போது அவருக்குப் பதினாறு கூட நிரம்பவில்லை. கல்லூரி வாசலை அவர் மிதிக்கவில்லை என்று உங்கள் மகள் சொல்வது சரி. சில ஆண்டுகளில் கரூ வறண்ட நிலத்தின் ஓரத்தில் உள்ள கிராஃப்-ரைனெட் ஊரில் குடியேறி, 1857-இல் கென்சிட்டின் சகோதரி சோபியாவை மணந்தார். மூன்று மகன்கள், ஒரு மகள்.

மூத்த பையன் ஆறு வயதில் 1864-இல் இறந்தான். அந்த ஊர்க் கல்லூரியில் கணிதமும் தாவரவியலும் சொல்லிக்கொடுத்த பிரான்சிஸ் கத்ரி, போலஸுக்கு நெருங்கிய நண்பர். நான்கு நிறங்கள் இருந்தால் எந்த வரைபடத்தையும் அண்டை நாடுகள் ஒரே நிறமாகாமல் தீட்டிவிடலாமா என்ற புகழ்பெற்ற கணக்கை முதலில் எழுப்பியவர் இவர்தான். செடிகளைப் பார், துக்கம் கொஞ்சம் இறங்கும் என்று நண்பனிடம் சொன்னவரும் இவரே. 1865-இல் போலஸ் தன் முதல் செடித்தொகுப்பைத் தொடங்கினார். நண்பரின் யோசனையும் ஆண்டுகளும் அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்பவை. அதனால் கதையின் எலும்புக்கூடு உறுதியானது. ஆனால் "மகனை மறக்கத்தான்" என்று ஒரே வரியில் முடிப்பதை நான் ஏற்க மாட்டேன். சிறுவயதில் தன் பள்ளிக்கே ஆப்பிரிக்கச் செடிகள் பொட்டலமாக வந்து இறங்கிய சூழலில் வளர்ந்தவர் அவர். வேலை கொடுத்தவரும் செடி அனுப்பியவரே. விதை முன்பே விழுந்திருக்க வேண்டும், துயரம் அதற்குத் தண்ணீர் விட்டது என்பது என் ஊகம். ஊகம்தான், ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் அதற்குப் பிறகு நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரு வேலையை விடாமல் செய்தார் என்றால், அதை மறதிக்கு மருந்து என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கத்ரியின் பெயரை ஒரு தாவரப் பேரினத்துக்கே (நெருங்கிய இனங்களின் குழு) அவர் சூட்டினார்: கத்ரியா.

சரி, ஆர்க்கிட் எப்போது வந்தது? கரூவில் ஆர்க்கிட் மிகக் குறைவு. அங்கே இருந்தவரை அவர் எல்லாச் செடியையும் சேர்த்தவர். 1870-களின் நடுவில் கேப் டவுனுக்கு இடம்பெயர்ந்து, சகோதரர் வால்டருடன் பங்குத் தரகு நிறுவனம் தொடங்கினார். வீட்டுக்குப் பின்னால் டேபிள் மவுண்டன். அந்தச் சிறிய தீபகற்பத்தில் மலையிடுக்கு, ஓடைக்கரை, எரிந்துபோன புதர்நிலம் என்று எங்கு பார்த்தாலும் தரையில் பூக்கும் ஆர்க்கிட்கள். நம்மில் பலர் ஆர்க்கிட் என்றால் மாமரத்தில் தொற்றிக்கொண்டு வளர்வதையே நினைக்கிறோம். ஊரில் அதைப் புல்லுருவி என்றும் தவறாகச் சொல்வார்கள். அது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை, தங்க இடம் மட்டும் கேட்கிறது. தென்னாப்பிரிக்காவில் உள்ள 450-க்கு மேற்பட்ட ஆர்க்கிட் இனங்களில் பெரும்பான்மை மரமே ஏறுவதில்லை. மண்ணுக்குள் கிழங்காக உறங்கி, பருவம் வந்ததும் சில வாரங்கள் தலைகாட்டி மறைபவை. சில இனங்கள் காட்டுத்தீ வந்துபோன பிறகுதான் நன்றாகப் பூக்கும். அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேயே வாழ வேண்டும், வருஷக்கணக்கில் நடக்க வேண்டும். லண்டனில் உட்கார்ந்திருந்த பெரிய அறிஞர்களுக்கு இல்லாத இந்த வசதி போலஸுக்கு இருந்தது.

இங்கேதான் அவருடைய உண்மையான திறமை இருக்கிறது. இதை உங்கள் மகளிடம் நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். ஆர்க்கிட் பூவை அழுத்தி உலர்த்தினால் பூவே போய்விடும். ரோஜாவையோ எருக்கையோ அழுத்தினால் இதழ் எண்ணிக்கையாவது மிஞ்சும். கேப் ஆர்க்கிட்கள் அப்படி அல்ல. டிசா என்ற பேரினத்தில் மேல் புல்லிதழ் (பூவின் வெளிவட்ட இதழ்) தொப்பி போலக் குழிந்து, அதன் முதுகில் ஒரு வால் நீளும். சாட்டிரியம் பூ தலைகீழாக நிற்கும். அதில் தொப்பியாக மாறுவது உள்வட்டத்தில் தனி உருவம் கொண்ட உதட்டிதழ், வாலும் இரண்டு. டிஸ்பெரிஸ் பூ ஒன்றை ஆப்பிரிக்கான்ஸ் பேசுவோர் அம்மாவின் தொப்பி என்பார்கள். பார்த்தால் உடனே ஒப்புக்கொள்வீர்கள். இந்தத் தொப்பியும் வாலும் பையும் எல்லாம் இரண்டு தாளுக்கு நடுவே நசுங்கிப் பழுப்புச் சருகாகிவிடும். இனத்தை இனத்திலிருந்து பிரிப்பது உள்ளே இருக்கும் மகரந்தத் தூண், அதாவது ஆண் பெண் உறுப்புகள் ஒன்றாகச் சேர்ந்த தண்டு; பல இனங்களில் அது சில மில்லிமீட்டர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய தாளிலிருந்து யூலோஃபியா என்ற ஆர்க்கிட்டின் ஒரே ஒரு பூவை எடுத்து, வெந்நீரில் ஊறவைத்து விரித்துப் பார்க்க முயன்றேன். கொஞ்சம் அதிக நேரம் விட்டுவிட்டேன்; ஊசி பட்டதும் கூழாகிவிட்டது. யாரோ ஒருவர் நூறு ஆண்டுக்கு முன் மலையேறிக் கொண்டுவந்த பூ. அன்று இரவு தூங்கவில்லை. அதன் பிறகுதான் போலஸின் படங்களை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன்.

அவர் உயிருள்ள செடியைக் கையில் வைத்து வரைந்தார், எழுதினார். பூவின் முகம், பக்கம், உள்ளே தூண், மகரந்தக் கட்டி, ஒவ்வொன்றும் பெரிதாக்கிய தனித்தனிப் படம். 1888-இல் கேப் தீபகற்ப ஆர்க்கிட்கள் பற்றிய அவருடைய நூல் வந்தது. பிறகு 1893 முதல் தென்னாப்பிரிக்க ஆர்க்கிட் படத்தொகுதிகள்; மூன்றாவது தொகுதி அவர் இறந்த பின் 1913-இல் வெளியாயிற்று. கோரிசியம், டெரிகோடியம் ஆகிய ஆர்க்கிட்களின் உதட்டிதழ் மேல் ஒரு விசித்திரமான துருத்தல் உண்டு. அது எதற்கு என்று அவருக்குத் தெரியாது. அவர் போய்ப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான், அந்தத் துருத்தலில் எண்ணெய் சுரக்கிறது, ரெடிவிவா என்ற தேனீயின் பெண்கள் குஞ்சுக்கு உணவாக அந்த எண்ணெயை முன்னங்காலால் வழித்துச் சேர்க்கின்றன என்பது வெளிச்சமானது. பயன் தெரியாத ஒன்றையும் கண்ணுக்குத் தெரிந்தபடியே வரைந்து வைத்ததால், பின்னால் வந்தவர்களுக்கு அந்தப் படம் உதவியது. என் அளவில் இதுதான் அவருடைய பெருமை.

அவருக்கு நடந்த இழப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். 1876-இல் கத்ரியும் அவரும் பெரிய செடித்தொகுப்பை எடுத்துக்கொண்டு லண்டன் கியூ பூங்காவுக்குப் போய், அங்குள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பெயர்களைச் சரிபார்த்தார்கள். திரும்பும்போது அவர்கள் வந்த விண்ட்சர் காசில் கப்பல், கேப் டவுனை நெருங்கிவிட்ட நிலையில் டாசன் தீவில் தட்டி நின்றுவிட்டது. ஆட்கள் பிழைத்தார்கள், செடிகளும் குறிப்புகளும் போயின. திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். பட்டம் இல்லாதவர் என்பதை விட இந்த இடம்தான் உங்கள் மகள் கவனிக்க வேண்டியது.

இனி அவள் சொல்லாமல் விட்ட பகுதி: பணம். வைரமும் தங்கமும் தென்னாப்பிரிக்காவைப் புரட்டிப்போட்ட காலத்தில் கேப் டவுனில் பங்குத் தரகராக இருந்தவர் போலஸ். அந்த வருமானம்தான் கியூ பயணங்களுக்கும், நூலகத்துக்கும், படங்கள் அச்சிடவும் கைகொடுத்தது. பொழுதுபோக்காகச் செய்தார் என்றால், ஒரு முழுநேர ஆராய்ச்சி நிலையத்தைத் தன் செலவில் நடத்தினார் என்று பொருள். 1891-இல் கேப் வந்த ருடால்ஃப் ஷ்லெக்டர் என்ற ஜெர்மானிய இளைஞர் இவருடைய ஹெர்பேரியத்தில் வேலை பார்த்துப் பழகி, பிற்காலத்தில் உலகின் மிகப் பெரிய ஆர்க்கிட் வகைப்பாட்டாளர்களில் ஒருவரானார். போலுசியெல்லா என்ற ஆர்க்கிட் பேரினத்துக்குப் போலஸின் பெயரை வைத்தவரும் அவரே. ஷ்லெக்டரின் சேகரிப்பு பெர்லினில் 1943 குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. போலஸ் தன் சேகரிப்பைத் தென்னாப்பிரிக்கக் கல்லூரிக்கு எழுதிவைத்தார்; இன்று அது கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளோடு இருக்கிறது. அதே கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பதவி ஒன்றுக்கும் அவர் நிதி கொடுத்தார். அந்தப் பதவிக்கு 1903-இல் வந்த ஹரால்ட் பியர்சன்தான் 1913-இல் கேப் டவுனின் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். 1911 மே 25 அன்று போலஸ் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் காலமானார். அவருடைய ஹெர்பேரியத்தை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டிக்காத்தவர் ஒரு பெண்: சோபியாவின் உறவுக்காரர், பிற்பாடு போலஸ் வீட்டு மருமகளான லூயிசா. சுமார் 1,500 தாவரங்களுக்குப் பெயர் வைத்தவர். உங்கள் மகளுக்கு முன்னோடி வேண்டுமென்றால், மாமனாரை விட மருமகளைத்தான் நான் காட்டுவேன்.

டர்பனிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. ஜான் மெட்லி வுட், நாட்டிங்காம்ஷயரில் பிறந்தவர். கப்பலில் வேலை செய்து, பிறகு இனாண்டாவில் கடை நடத்தி, 1882-இல் டர்பன் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளரானார். நம் நகரத்து ஹெர்பேரியம் அவர் தொடங்கியது.

ஆக, அந்தக் காலத்தில் பட்டமில்லாமல் முடிந்தது. இந்தக் காலத்தில்? சட்டப்படி இன்றும் முடியும். புதிய இனத்துக்குப் பெயர் வைக்கப் பட்டச் சான்றிதழ் காட்டச் சொல்லும் விதி எதுவும் தாவரப் பெயரிடல் சட்டத்தில் இல்லை. மூல மாதிரி ஒன்றை ஹெர்பேரியத்தில் ஒப்படைக்க வேண்டும், விவரிப்பை முறையாக வெளியிட வேண்டும். 2012 முதல் லத்தீனும் கட்டாயமில்லை, ஆங்கிலம் போதும். ஆனால் சம்பளத்துக்கு ஒருவரை வேலைக்கு எடுக்கும்போது கதை வேறு. மூன்று ஆண்டு இளநிலை, அதன் மேல் ஓராண்டு ஆனர்ஸ், பெரும்பாலும் முதுநிலையும் கேட்பார்கள். பதவிகள் குறைவு, அதை நான் மறைக்க மாட்டேன். எனவே என் கருத்து: அவள் படிக்கட்டும். சூழலியல், புள்ளியியல், மரபணு எல்லாம் சேர்த்துப் படித்தால் ஆர்க்கிட் வேலை கிடைக்காத காலத்திலும் சுற்றுச்சூழல் மதிப்பீடு, பூங்கா நிர்வாகம், கற்பித்தல் என்று கதவுகள் இருக்கும். வேலை பார்த்துக்கொண்டே பார்த்துக்கொள்ளலாம் என்பது போலஸுக்கு வாய்த்தது போல் மாதச் சம்பளக்காரருக்கு வாய்க்காது.

படிப்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக வளாகத்தில் ஆர்க்கிட் மகரந்தச் சேர்க்கை பற்றி உலகம் படிக்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பிற்பாடு அந்த வளாகத்துக்கு வந்த ஸ்டீவன் ஜான்சன், அதற்கு முன்பே 1994-இல் எழுதியது ஒன்று: டிசா ஃபெருஜினியா என்ற ஆர்க்கிட்டில் தேன் இல்லை. பக்கத்தில் தேனோடு பூக்கும் வேறொரு செடியின் நிறத்தைப் போட்டுக்கொண்டு அது ஒரு மலை வண்ணத்துப்பூச்சியை ஏமாற்றுகிறது. செடி மாறும் மலையில் ஆர்க்கிட்டின் நிறமும் சிவப்பிலிருந்து செம்மஞ்சளாக மாறுகிறது. அந்தப் பூச்சிக்குச் சிவப்பென்றால் உயிர், மலையேறுபவர் தலையில் இருக்கும் சிவப்புத் தொப்பியையும் வந்து பார்க்கும். போலஸ் வரைந்த பூக்களில் எத்தனையோ பூவுக்கு யார் வந்து போகிறார்கள் என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது.

வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்றை நினைவுபடுத்துங்கள். உங்கள் பெற்றோர் தலைமுறையில் இந்த ஊரில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று 1961-இல் ஒதுக்கிய கல்லூரி, துறைமுகத்தில் சால்ஸ்பரி தீவில் இருந்தது. எந்தப் படிப்பு, எந்த வளாகம் என்பதை இனம் பார்த்து அரசாங்கம் முடிவு செய்தது. அது வெஸ்ட்வில்லுக்கு மாறி, 2004-இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகமானது. இன்று உங்கள் மகள் விரும்பிய வளாகத்தில் விண்ணப்பம் போடலாம். அந்த வாசல் எவ்வளவு காலம் மூடியிருந்தது என்பது தெரிந்தவர்கள், அவள் அதில் நுழைய வேண்டாம் என்று அவசரப்பட்டுச் சொல்ல மாட்டார்கள்.

பல்கலைக்கழகம் திறக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அருகிவரும் காட்டுப்பூக்களைக் கணக்கெடுக்கத் தன்னார்வலர்களைச் சேர்க்கும் க்ரூ என்ற திட்டம் நம் மாகாணத்திலும் இயங்குகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மாணவர்களும் ஒன்றாகப் புல்வெளியில் நடப்பார்கள். எதைக் கண்டாலும் படம் எடுக்கட்டும், தோண்ட வேண்டாம். காட்டு ஆர்க்கிட் எடுக்க, மாகாண இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான எசெம்வெலோவின் அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் என் மனம் ஒப்பாது: ஆர்க்கிட் விதை தூசி போன்றது, உள்ளே உணவுச் சேமிப்பே கிடையாது, மண்ணில் உள்ள குறிப்பிட்ட பூஞ்சை கைகொடுத்தால்தான் முளைக்கும். கிழங்கைப் பெயர்த்துத் தோட்டத்தில் நட்டால் அந்தத் துணை கிடைக்காமல் பெரும்பாலும் இரண்டொரு வருஷத்தில் செத்துவிடும். டர்பனின் வார்விக் மூலிகைச் சந்தையிலும் காட்டு ஆர்க்கிட் கட்டுகட்டாக வருகிறது. விற்கும் பெண்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது, அது அவர்கள் பிழைப்பு, ஆனால் அந்தக் கூடைகளைப் பார்க்காமல் இந்த மாகாணத்து ஆர்க்கிட்களைப் பற்றிப் படித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. படத்தை இணையத்தில் போடும்போது சரியான இடத்தை மறைத்துப் போடச் சொல்லுங்கள், திருடர்களும் அதே பக்கத்தைப் படிக்கிறார்கள்.

இந்த வாரமே செய்ய ஒன்று உண்டு. பல வீடுகளில் ஃப்ரான்ஜிபானி மரத்தில் கட்டிய ஆர்க்கிட் ஒன்றாவது இருக்கும். இல்லாவிட்டால் கடையில் தொட்டியோடு விற்கும் ஃபலனாப்சிஸ் போதும். ஒரு பூவைக் கிள்ளி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்து, நடுவில் உள்ள தூணின் நுனியை அடியிலிருந்து மேலாகப் பல் குத்தும் குச்சியால் மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். சிறிய மூடி கழன்று, இரண்டு மஞ்சள் உருண்டைகள் ஒட்டும் காம்போடு குச்சியில் வந்துவிடும். அவை மகரந்தக் கட்டிகள். பூச்சியின் உடம்பில் ஒட்டிப் பயணம் போவது அவையே. பூவை முன்னாலிருந்து ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை, தூணைத் தனியே ஒரு முறை, அளவு குறித்து வரையட்டும். கிள்ளிய பூ அதிக நேரம் தாங்காது. வரைந்த தாளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.